கரையில் நின்ற இசை

திருச்சிராப்பள்ளியின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் திருவரங்கத்தின் மண்டபங்களிலிருந்தோ மலைக்கோட்டையின் அடிவாரத்திலிருந்தோ தொடங்குவர். அரையர் சேவையும், அத்யயன உற்சவ இரவுகளில் நிகழும் வீணை ஏகாந்தமும், 1914-இல் தோன்றிய இரசிக ரஞ்சன சபையும், 1939 மே 16-ஆம் நாள் ஒலிக்கத் தொடங்கிய வானொலி நிலையமும் அவ்வரலாற்றின் அத்தியாயங்களாக அமையும். அவையனைத்தும் பெருமைக்குரியவையே, அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் ஒரு நகரத்தின் இசை மண்டபத்தில் மட்டும் பிறப்பதன்று. ஆற்றங்கரையில், சேரி முற்றத்தில், சுடுகாட்டுப் பாதையில், கொட்டகையின் வெளிப்புறத்தில், தோல் பதனிடும் குடிசையில் பிறந்த இசையும் உண்டு. அதனை எழுதியோர் மிகச் சிலர். அவ்விடங்களில் நின்றவர்கள் பெரும்பாலும் நம் முன்னோர்.

வெள்ளிவிழா மலரில் இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கழகம் கல்விக்கென்று தோன்றியது. கல்வி என்பது எண்ணும் எழுத்தும் மட்டுமன்று. தன் மக்கள் எங்கே நிறுத்தப்பட்டனர், ஏன் நிறுத்தப்பட்டனர், நின்ற இடத்திலிருந்து என்ன படைத்தனர் என்பதை அறிவதும் கல்வியே ஆகும். மேலும், நம் பிள்ளைகளிடையே இன்று ஒரு வினா எழுந்துள்ளது. தப்பைக் கையில் எடுக்கலாமா, கூடாதா? பெரியோருள் பலர் கூடவே கூடாது என்கின்றனர். இளையோருள் பலர் எடுத்தே தீருவோம் என்கின்றனர். இரு சாராரிடமும் நியாயம் இருக்கின்றது. வரலாற்றை அறியாமல் இவ்வினாவுக்கு விடை காணல் அரிது.

உறையூர்ப் பாணர்

சோழரின் பழந்தலைநகராகிய உறையூர் இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதி. சங்க காலத்தில் பாணரும் பொருநரும் அரசவைக்குள் தடையின்றிச் சென்றனர். கரிகாற்சோழனைப் பாடும் பொருநராற்றுப்படையும், அவ்வகையைச் சேர்ந்த சிறுபாணாற்றுப்படையும் பெரும்பாணாற்றுப்படையும் இசைவாணரின் வாய்மொழியாக அமைந்த பாட்டுக்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் ஓர் இசைவாணன் மற்றோர் இசைவாணனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பு. அரசன் பாணனுக்குப் பொற்றாமரை சூட்டினான் என்றும் அவ்விலக்கியம் பேசுகின்றது. புறநானூற்றில் மாங்குடி கிழார் பாட்டு ஒன்று, துடி கொட்டுவோர், பாணர், பறை முழக்குவோர், கடம்பர் ஆகிய நால்வகைக் குடியினரையும் தொன்மைக் குடிகளாகச் சிறப்பிக்கின்றது.

சில நூற்றாண்டுகள் கழிந்தபின் காட்சி மாறுகின்றது. அதே உறையூரில் தோன்றிய பாணர் ஒருவர், காவிரியின் தென்கரையில் நின்று, ஆற்றுக்கு அப்பால் உள்ள அரங்கனை நோக்கி யாழிசைத்துப் பாடுகின்றார். கோயிலுக்குள் அவர் செல்லவில்லை. ஆற்றைக் கடந்து திருவரங்கத் தீவில் காலடி வைக்கவும் துணியவில்லை. அவரே பன்னிரு ஆழ்வாருள் ஒருவராக எண்ணப்படும் திருப்பாணாழ்வார். அரங்கனின் திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த உலோகசாரங்க முனிவர் அவரை விலகி நிற்குமாறு கூவினார் என்றும், பாட்டில் ஆழ்ந்திருந்தமையால் பாணர் அதனைக் கேளாமற்போக, முனிவர் எறிந்த கல் அவர் நெற்றியில் பட்டுக் குருதி பெருகிற்று என்றும், பின்னர் அரங்கன் ஆணைப்படி முனிவரே பாணரைத் தோளில் சுமந்து சந்நிதிக்குக் கொண்டு சென்றார் என்றும் வைணவ மரபு கூறுகின்றது. இதனாலேயே அவர்க்கு முனிவாகனர் என்னும் பெயரும் வழங்குகின்றது. அவர் பாடிய பத்துப் பாசுரங்களுக்கு வேதாந்த தேசிகர் எழுதிய உரையின் பெயரும் முனிவாகன போகம் என்பதேயாம்.

இவ்வரலாற்றைப் பக்தியின் வெற்றி என்று கூறி முடிப்பது வழக்கம். நாம் வேறொன்றையும் காண வேண்டும். உறையூருக்கும் திருவரங்கத்துக்கும் இடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. ஓர் ஆறு மட்டுமே குறுக்கே ஓடுகின்றது. அந்த ஆற்றைக் கடக்க ஒரு கலைஞருக்குக் குருதி சிந்த வேண்டியிருந்தது என்று மரபே ஒப்புக்கொள்கின்றது. அதுமட்டுமன்று, மற்ற ஆழ்வார்கள் பலர் தம் பதிக இறுதியில் தம் பெயரைப் பொறித்துள்ளனர். பாணர் தம் பத்துப் பாட்டிலும் பெயரைப் பொறிக்கவில்லை. கல்லெறியைப் பற்றியும் ஒரு சொல் கூறவில்லை. திருவடி முதல் திருக்கண் வரை தாம் கண்ட அழகை மட்டுமே பாடினார். காயத்தைப் பிறர் எழுதினர். அவரோ இசையை மட்டும் விட்டுச்சென்றார்.

வாயிலில் நின்றோர்

திருப்பாணாழ்வார் தனியொருவர் அல்லர். கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று திருவரங்கத்தில் ஆண்டுதோறும் படிக்கப்படும் கைசிக புராணத்தின் தலைவரும் ஒரு பாணரே. நம்பாடுவான் என்னும் அவர் திருக்குறுங்குடியில் இரவு தோறும் சென்று, விடியுமுன் இறைவனைப் பாடி வந்தார். வழியில் பிடித்துக்கொண்ட பிரம்மராட்சதனிடம், பாடிவிட்டுத் திரும்புவேன் என்று வாக்குக் கொடுத்து, சொன்னபடியே திரும்பி வந்து, தம் கைசிகப் பண்ணின் பலனைத் தந்து அவனுக்கு விடுதலை அளித்தார் என்பது கதை. வேள்வியில் பிழை செய்து அரக்கனான அந்தணனை விடுவித்தது, கோயிலுக்கு வெளியே பாடப்பட்ட ஒரு பாணரின் பாட்டு. ஊர் உறங்கும் நேரமும் கோயிலின் புறவெளியுமே அவருக்கு வாய்த்த அரங்கு.

சைவ மரபிலும் இதுவே காட்சி. திருஎருக்கத்தம்புலியூரில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயிலின் வாயிலில் நின்று யாழிசைத்தார். இறைவன் கனவில் ஆணையிட்ட பின்னரே அடியார் அவரை உள்ளே அழைத்தனர். ஈரத்தரையில் யாழ் வைத்தால் நரம்பு தளரும் என்று கருதிப் பொற்பலகை இடுவித்தான் இறைவன் என்கின்றது பெரியபுராணம். திருவாரூரிலோ அவருக்கென வடபுறத்தில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது. பின்னர்த் திருஞானசம்பந்தருடன் கூடி, அவர் பதிகங்களை யாழில் இட்டார். சாத்தமங்கையில் திருநீலநக்கர் இல்லத்தில் வேள்விக் குண்டத்தின் அருகே யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் தங்க இடம்பெற்ற செய்தி யாவரும் அறிந்ததே.

இவ்விடத்தில் ஒரு பெருஞ்செய்தியைக் கூறாமல் விடலாகாது. தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபின் அவற்றுக்குரிய பண்முறை மறைந்துபோயிருந்தது என்றும், திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே அப்பண்களை அமைத்துக் கொடுத்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு கோயில் அறையில் பூட்டிக் கிடந்தது, செல்லரித்தது. இசையோ, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு குடியின் பெண்ணிடம் அழியாமல் இருந்தது. ஒதுக்கப்பட்ட இடங்கள் இசையின் காப்பகங்களாகவும் விளங்கின என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் காப்பகத்தைக் காப்பாற்றுவார் இல்லாவிடின் அதுவும் அழியும். பாணரின் யாழ் வழக்கொழிந்தது. சுவாமி விபுலானந்தர் பல்லாண்டு ஆய்ந்து 1947-இல் யாழ் நூலை வெளியிட்டபோது, கேட்டறிய ஒரு யாழ்க் கலைஞரும் இல்லை. ஏட்டையும் கணக்கையும் கொண்டே அவர் அக்கருவியை மீட்க வேண்டியிருந்தது. ஒரு குடியை இழிவுபடுத்தினால் அக்குடியின் கலையையும் நாடு இழக்கும் என்பதே இதன் பாடம்.

தப்பும் அதன் இடமும்

பறை என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பதே முதற்பொருள். மலையாள மொழியில் இன்றும் பேசுதலைப் பறைதல் என்றே வழங்குவர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்து எண்ணுகின்றது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி என உரையாசிரியர் வகுத்தனர். மணிமேகலையின் முதற்காதையில், இந்திர விழாவை ஊருக்கு அறிவிப்பவன் முரசறையும் முதுகுடி மகனே. ஆகவே தோற்கருவி முழக்குவோன் அக்காலத்தில் நகரத்தின் வாயாக விளங்கினான்.

பிற்காலச் சோழர் ஆட்சியில் நகரத்தின் அமைப்பே மாறியது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டுக்கள், இறையிலி நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய பெயர்களைக் குறிக்கின்றன. அதே கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் ஆக 50 பேரை நியமித்து, நாளொன்றுக்கு ஆளுக்கு முக்குறுணி நெல் வகுத்த செய்தியும் உண்டு. ஒருபுறம் கோயிலுக்குள் நெல்லளந்து காக்கப்பட்ட இசை. மறுபுறம் சேரி எனப் பிரித்து வைக்கப்பட்ட குடி. இரண்டையும் ஒரே கோயிலின் சுவர்கள் சொல்லுகின்றன.

திருச்சி, தஞ்சை வட்டாரங்களில் பறையைத் தப்பு என்பதே வழக்கு. அதன் அமைப்பை நம் இளைஞர் பலர் அறியார். வளைத்துச் செதுக்கிய மரத்துண்டுகளை வட்டமாகப் பொருத்தி இரும்புத் தகட்டால் பிணைப்பர். அதன்மேல் பதப்படுத்திய கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டுவர். வலக்கையில் பருத்த அடிக்குச்சி. இடக்கையில் மெல்லிய மூங்கிற் சுண்டுக்குச்சி. தோளில் சார்த்தி இடுப்போடு அணைத்து, நின்றும் நடந்தும் ஆடியும் அடிப்பர். அடிக்குமுன் வைக்கோலைக் கொளுத்தி அனலில் காய்ச்ச வேண்டும். ஈரத்தால் தளர்ந்த தோல் வெப்பத்தால் இறுகும். அப்போதுதான் கணீரென்று ஒலிக்கும். ஆகவே தீ மூட்டத் திறந்த வெளி இல்லாத இடத்தில் இக்கருவி வாய் திறவாது. தெருமுனையும் களத்துமேடும் ஆற்றுமணலும் சுடுகாட்டு வெளியுமே அதன் அரங்குகளாயின. சமூகம் ஒதுக்கிய இடமும் கருவி வேண்டிய இடமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

அடிகளும் ஒன்றல்ல. சாமி புறப்பாட்டுக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, ஊர் கூட்ட ஓரடி, ஆட்டத்துக்கு ஓரடி எனப் பலவுண்டு. காவிரிக் கரையில் ஓயாமரிச் சுடுகாட்டை நோக்கிச் செல்லும் ஊர்வலத்தில் தப்பொலியை நகர மக்கள் பல தலைமுறையாகக் கேட்டு வந்துள்ளனர். கேட்டோர் அதனைச் சாவின் அடையாளமாகக் கேட்டனரேயன்றி இசையாகக் கேட்கவில்லை. தெருவில் ஓடும் தாளத்தின் கணக்கைச் சபையில் அமர்ந்து கைத்தாளம் போடுவோர் எண்ணிப் பார்த்ததும் அரிது.

தோல் கொடுத்தவர் வெளியே

திருநாளைப்போவார் என்னும் நந்தனார், கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்த தொண்டர் என்று சேக்கிழார் பாடுகின்றார். கோயிலுக்குள் முழங்கிய முழக்கம் அவர் கைப்பட்ட தோலிலிருந்து வந்தது. தோல் உள்ளே சென்றது. தோலைப் பதப்படுத்தியவர் வெளியே நின்றார். 1861-62-ஆம் ஆண்டுகளில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அக்கதையைத் தமிழ்நாடெங்கும் பரப்பிற்று. நந்தனைப் பற்றிய பாட்டு மேடையேறியது; நந்தனின் மக்கள் மேடைக்குக் கீழும் நிற்க இடமின்றி இருந்தனர்.

இந்நிலை பழங்கதையாகிவிட்டதென்று எண்ணற்க. மிருதங்கத்தின் இரு முகங்களுக்கும் பசுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத்தோலும் தேவை. தோலைத் தேர்ந்து, ஊறவைத்து, சீவி, நாதத்துக்கேற்ப மூட்டும் கலை நுட்பமானது. தஞ்சையிலும் சென்னையிலும் இத்தொழிலில் சிறந்தோருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட குடியினரும் அக்குடியிலிருந்து கிறித்தவம் தழுவியோருமே. தஞ்சைச் செவிட்டியான் குடும்பத்தாரின் கைவண்ணமும், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைச் செய்தளித்த பர்லாந்தின் பேருழைப்பும் 2020-இல் டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலில் விரிவாகப் பதிவாயின. அதற்குமுன் கச்சேரி அழைப்பிதழ்களில் வித்துவான் பெயர் இருந்தது. கருவி செய்தவர் பெயர் இல்லை. சபையின் மேடையைக் காட்டிலும் தொழிலாளியின் குடிசையில்தான் மிருதங்கம் முதன்முதல் நாதம் பெறுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தோர் எத்தனை பேர்?

ஆங்கிலேயர் காலத்து நகரம்

1866-இல் திருச்சி நகராட்சி தோன்றியது. பாளையத்தில் படைகளும், பின்னர் இருப்புப்பாதையும் வந்தன. அவற்றோடு புதிய ஒலிகளும் வந்தன. படைமுகாம்களின் ஊதுகுழலும் பக்கமேளமும் நாளடைவில் ஊர்வலத் தெருக்களில் பேண்டு வாத்தியமாக மாறின. கிறித்தவ அடக்க ஊர்வலங்களிலும் திருமண ஊர்வலங்களிலும் அவை இடம்பெற்றன.

1905-இல் திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயின் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்காட்சிக் கருவியை வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகச் சலனப்படம் காட்டினார். தென்னிந்தியத் திரைத்தொழிலின் தொடக்கங்களுள் அது ஒன்று. பேசாப்படங்களுக்குக் கொட்டகைக்குள் ஆர்மோனியமும் தபேலாவும் உயிர் கொடுத்தன. கொட்டகைக்கு வெளியே, மாட்டுவண்டியில் தட்டி கட்டி, துண்டு விளம்பரம் இறைத்து, மேளமடித்து மக்களை அழைப்பது பல்லாண்டு நிலவிய வழக்கம். படம் காண உள்ளே சென்றோர் அந்த மேளத்தை விளம்பரம் என்றே கருதினர். அதனை அடித்தவனைக் கலைஞன் என எவரும் கருதவில்லை.

1939-இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் இந்தியாவுக்கு வாய்த்த ஆறு வானொலி நிலையங்களுள் திருச்சியும் ஒன்று என்பது இந்நகரின் பெருமை. எனினும் அக்காலத்து வானொலியும் எக்கருவி தகும், எக்கருவி தகாது என்று தரம் பிரித்தது. 1940 மார்ச்சு முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்கே தடை விதிக்கப்பட்டது; 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. நாடகக் கொட்டகையிலும் பஜனை மடத்திலும் ஏழை வீட்டுத் திண்ணையிலும் பயின்ற பெட்டிக்கே அக்கதி என்றால், தப்புக்கு ஒலிபெருக்கி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நம் வரலாற்றில் இவை அனைத்தினும் பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது மாதச் சம்பளம். 1928-இல் பொன்மலையில் தென்னிந்திய இரயில்வேயின் பெருந்தொழிலகம் அமைந்தது. அதனைப் போன்ற தொழிலகங்களும், படைச் சேவையும், இலங்கை, பர்மா, மலேயா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணமும், குறைவாயினும், ஊராரின் தானியக் கூலியை நம்பாமல் வாழும் வழியைச் சிலர்க்குத் திறந்தன. களத்தில் அளக்கும் நெல்லை நம்பி இருப்பவன் தப்படிக்க மாட்டேன் என்று கூற முடியாது. சம்பளம் பெறுபவன் கூறலாம். மறுப்பு என்னும் சொல் அங்கேதான் முளைத்தது.

மறுத்த கை

தப்படித்தல் கலை என்ற நிலையிலிருந்து கட்டாய ஊழியம் என்ற நிலைக்கு எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும் இரவென்றும் மழையென்றும் பாராமல் செல்ல வேண்டும். பிணத்துக்கு முன் அடித்துச் செல்ல வேண்டும். கூலி கேட்கும் உரிமை கிடையாது. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். கள்ளும் மிச்சச் சோறும் கூலியின் இடத்தை நிரப்பின. பள்ளியில் படிக்கும் சிறுவனாயினும் தந்தைக்கு உடல்நலமில்லையெனில் அவனே தப்பைத் தூக்க வேண்டும். இவ்வாறு கருவி ஒரு விலங்காயிற்று.

ஆகவே அதனைக் கீழே வைப்பதே விடுதலையின் முதற்படி என்று நம் முன்னோர் கருதினர். மராட்டிய மாநிலத்தில் மகர் மக்கள்மீது சுமத்தப்பட்ட பரம்பரை ஊர் ஊழியத்தை நீக்க 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் டாக்டர் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். தமிழகத்தில், தென்னார்க்காட்டுக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் பறையடிக்க மறுக்கும் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். பின்னாளில் அவரே, 1965-இல் மைய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைவராகி, 1969-இல் நாடு முழுமைக்குமான அறிக்கையை அளித்தார். மறுத்த சேரிகளுக்குக் கடையில் பொருள் மறுப்பதும், வயலில் வேலை மறுப்பதும், அடிதடியும் ஊராரின் விடையாக இருந்தன. அத்துன்பத்தைத் தாங்கியே அவர்கள் குச்சியைக் கீழே வைத்தனர்.

சட்டமும் மெல்ல மெல்லப் பின்தொடர்ந்தது. எம். சி. ராஜா முன்மொழிந்த 1938-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பொது இடங்களில் நம் மக்களுக்கிருந்த தடைகளை நீக்க முற்பட்டது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாகத் திருத்தப்பட்டபோது, தீண்டாமையின் பெயரால் துப்புரவு, செத்த விலங்கை அகற்றல், அவை போன்ற பிற வேலைகளைக் கட்டாயப்படுத்துவதும் குற்றமாக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், ஊர்களில் தண்டோரா போடும் வழக்கத்தைத் தடை செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். விடுதலை பெற்று 75 ஆண்டு நிறைந்த பின்னும் அவ்வாணை தேவைப்பட்டது என்பதே நிலைமையைக் காட்டும்.

தப்பை எடுக்காதே என்று இன்று கூறும் பெரியோரை இளைஞர்கள் பிற்போக்கர் எனக் கருதுதல் தவறு. அவர்கள் வெறுப்பது இசையை அன்று. இரவில் கதவைத் தட்டிய அந்தக் குரலையே.

எடுத்த கை

எனினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 1990-களில் தலித் கலை விழாக்களில் பறை விடுதலையின் குரலாக ஒலித்தது. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு (1940-2005) அதனை வழிபாட்டுக்குள்ளேயே கொணர்ந்தார். 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டார் கலைகளைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் சாதியற்ற இசைக்குழுவினர் கானாவையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றினர். 2025-இல் மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பெண்களும், பிற சாதி இளைஞரும், கல்லூரி மாணவரும் இன்று குச்சி பிடிக்கக் கற்கின்றனர்.

இத்தகைய மாற்றம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான திரினிடாடில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் முரசடிப்பதை ஆங்கில ஆட்சி 1880-களில் சட்டத்தால் ஒடுக்கிற்று. அவர்கள் மூங்கிலைத் தரையில் தட்டி இசைத்தனர். 1930-களின் இறுதியில் பழைய தகர டப்பாக்களைத் தட்டலாயினர். பின்னர் எண்ணெய்ப் பீப்பாயின் மூடியைக் குழித்துச் சுரம் பிறக்கச் செய்தனர். நகரின் ஏழைக் குடியிருப்புகளின் புழக்கடைகளில் பிறந்த அக்கருவியைக் காவலர் விரட்டினர், மேலோர் பழித்தனர். 1951-இல் அதே கருவியுடன் ஒரு குழு இலண்டன் விழாவில் இசைத்தது. 1992-இல் அது அந்நாட்டின் தேசிய இசைக்கருவி ஆயிற்று. தம் மீது சுமத்தப்பட்ட இழிவை அம்மக்கள் இசையிலிருந்து பிரித்தெடுத்தனர்; இசையைத் தமக்கே வைத்துக்கொண்டனர்.

நாம் செய்யத்தக்கவை

மறுத்தவரும் எடுத்தவரும் எதிரிகள் அல்லர் என்பதே நம் முடிவு. கட்டாயத்தை மறுத்தமையாலேயே விருப்பத்தோடு எடுக்கும் உரிமை பிறந்தது. மறுக்க இயலாத கையால் அடிக்கப்படும் தப்பு ஊழியம். மறுக்கவும் வல்ல கையால் அடிக்கப்படும் தப்பு கலை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குக் கல்வி வேண்டும், பொருள்நிலை வேண்டும். அதனாலேயே இது கல்விக் கழகத்தின் கவலையும் ஆகின்றது.

ஆகவே சிலவற்றைக் கழகத்தார் முன் வைக்கின்றோம். முதலாவது, நம் பிள்ளை எவரையும், பிறப்பைக் காட்டி, சாவு வீட்டுக்கோ திருவிழாவுக்கோ தப்படிக்க அழைப்பதை நாம் ஏற்கலாகாது. பள்ளி விழாவில்கூட, நீ அக்குலத்தான், நீயே அடி என்று கூறுதல் அதே பழைய குரலே. இரண்டாவது, கற்க விரும்பும் எவர்க்கும், எக்குலத்தார் ஆயினும், முறையான பயிற்சி கிடைக்க வேண்டும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியன பாடங்களாக உள்ளன. ஒருகாலத்தில் குலத்தொழிலாக இருந்த நாகசுரம் பாடமாகலாம் எனில் தப்பும் ஆகலாம். மூன்றாவது, கலைஞர்க்கு உரிய ஊதியம் பணமாக, முன்கூட்டிப் பேசி, மரியாதையோடு தரப்பட வேண்டும். கள் ஊற்றிக் கணக்கு முடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

நான்காவதே மிக அவசரமானது. அடிகளின் பெயரும் முறையும் அறிந்த முதியோர் நம் தெருக்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் பேசத் தயங்குவர். அத்தயக்கத்துக்குக் காரணம் நாம் அறிவோம். அவர்களிடம் சென்று, அமர்ந்து, கேட்டு, ஒலிப்பதிவு செய்து, கழக நூலகத்தில் வைப்பது நம் மாணவரால் ஆகக்கூடிய பணி. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணிடம் பண் இருந்ததுபோல் இவர்களிடம் தாளம் இருக்கின்றது. யாழுக்கு நேர்ந்த கதி இதற்கும் நேர்ந்தபின் ஏட்டைப் புரட்டிப் பயனில்லை.

ஒருகாலத்தில் நம்மவர் கரையில் நிறுத்தப்பட்டனர். இன்று நம் பிள்ளைகள் பாலத்தின் மீது நடந்து திருவரங்கத்திலும் உறையூரிலும் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் புத்தகம் இருக்கட்டும். விரும்பினால் மறுகையில் தப்பும் இருக்கட்டும். இரண்டையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அவ்வுரிமையைப் பெற்றுத்தரும் பணியில் கால் நூற்றாண்டு கடந்த நம் கழகம் மேலும் பல்லாண்டு நின்று நிலைபெறுவதாக!